நூறாவது சொல்

ஜூன் 1, ஞாயிறு

இன்றைய ஞாயிறு மலரில் 'பிளம்பர்' வந்துவிட்டது. பதினோராம் பக்கம், வலது ஓரம், ஐயாவின் சீருடைப் படத்தோடு. மேலே கொட்டை எழுத்தில் 'சொல் விசாரணை'. கீழே 'ஆர். ரகுநந்தன், மாவட்டக் காவல் கண்காணிப்பாளர்'. லத்தீனில் ஈயத்துக்கு பிளம்பம் என்று பெயர், அந்தக் காலத்தில் ஈயக் குழாய் போட்டவன் பிளம்பர் ஆனான் என்று நான் எழுதியதை அப்படியே போட்டிருக்கிறார்கள். கடைசி வரியில் மட்டும் ஐயா கை வைத்திருக்கிறார். 'ஆகவே நாமும் உழைப்போம், உயர்வோம்' என்று ஒரு வரி. ஈயத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று அவரைத்தான் விசாரிக்க வேண்டும்.

இது தொண்ணூற்றாறாவது வாரம். ஆங்கிலத்தில் ஒரு தொழிலுக்குப் பெயர் எப்படி வந்தது என்று வாரம் ஒரு சொல். பட்லர் பாட்டிலிலிருந்து வந்தவன், கிளார்க் மாதாகோயில் குருமாரிலிருந்து வந்தவன், இப்படி. செவ்வாய்க்கிழமை ஐயா ஒரு சொல் சொல்வார். வியாழன் சாயங்காலத்துக்குள் நான் எழுதி அவர் மேசையில் வைப்பேன். நடுவில் இட்லிக்கு ஊறப்போடுவது, ஐயா வீட்டு அம்மாவின் புடவைகளை இஸ்திரிக்கு அனுப்புவது, நாயைக் குளிப்பாட்டுவது எல்லாம் வழக்கம்போல நடக்கும்.

என் பெயர் சண்முகவடிவு, முதல்நிலைக் காவலர், வயது நாற்பத்தாறு, தபாலில் படித்த எம்.ஏ. ஆங்கிலம். அதிகாரி வீட்டு வேலை பார்க்கும் காவலரை ஆர்டர்லி என்று இப்போது சொல்லக் கூடாது. டூட்டி நோட்டில் என் வேலைக்கு 'கேம்ப் ஆபீஸ் டூட்டி' என்று எழுதுவார்கள். கேம்ப் ஆபீஸ் என்பது ஐயாவின் பங்களா. அதில் என் ஆபீஸ் அடுப்படி.

ஜூன் 5, வியாழன்

சப்-இன்ஸ்பெக்டர் பரீட்சை இருபத்தொன்றாம் தேதி, சனிக்கிழமை. துறையில் இருப்பவர்களுக்கென்று ஒதுக்கிய இடங்கள். வயது வரம்புப்படி எனக்கு இதுதான் கடைசி முறை. மூன்று வருடமாகப் படித்திருக்கிறேன். சட்டப் புத்தகம் முழுக்க மனப்பாடம்.

ஒருநாள் லீவு கேட்கக் கட்டுரையையும் கையில் எடுத்துக்கொண்டு போனேன். வெறுங்கையோடு போனால் கேட்க மாட்டார் என்று ஒரு கணக்கு.

"இருபத்தொண்ணா? அன்னைக்குத்தானே நம்ம வீட்ல காதுகுத்து" என்றார். அம்மாவின் தங்கை பிள்ளைக்குக் காதுகுத்து. நூற்றைம்பது பேருக்கு டிபன்.

"தங்கபுஷ்பத்த நிறுத்திட்டுப் போறேன்யா. அவளுக்கு எல்லாம் தெரியும்" என்றேன். தங்கபுஷ்பம் ஆயுதப்படைக் காவலர், விசேஷ நாட்களில் பங்களாவுக்கு உதவிக்கு வருபவள்.

"உன் கைப்பக்குவம் அவளுக்கு வருமா? பரீட்சை வருஷா வருஷம் வரும் வடிவு. காதுகுத்து ஒரு தடவைதான்."

"எனக்கு வராதுய்யா. வயசு தாண்டிரும்."

கட்டுரையைப் புரட்டிக்கொண்டே சிரித்தார். "இந்த வயசுல எஸ்.ஐ. ஆகி என்ன கிழிக்கப் போற? பேசாம இரு. 'நர்ஸ்' நல்லா வந்திருக்கு."

சல்யூட் அடித்துவிட்டு வந்தேன். வந்து வெங்காயம் உரித்தேன். வெங்காயத்தால்தான் கண்ணில் தண்ணீர் வந்தது என்று இங்கே எழுதிவைக்கிறேன்.

ஜூன் 21, சனி

இன்று பரீட்சை. பத்து மணிக்கு மணி அடித்திருப்பார்கள். நான் வடைக்கு உளுந்து ஆட்டிக்கொண்டிருந்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

வீட்டுக்காரர் டவுன் பஸ் ஓட்டுகிறார். நேற்று டிரிப்புக்கு நடுவில் பரீட்சை மையத்து வாசலில் எனக்காக டிபன் பொட்டலத்தோடு நின்றாராம். நான் லீவு கிடைக்காததை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் பங்களா வாசலில் வந்து நின்று சத்தம் போடுவார். அவருக்கும் அரசாங்க வேலைதான், அதற்கும் ஆபத்து.

"ஏன்ட்டி ஒரு வார்த்த சொல்லல?" என்றார். கோபத்தில் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகக் கேட்டார்.

"சொல்லி என்ன செய்ய?"

"நீ என்ன செய்யப் போற, அதச் சொல்லு."

எனக்கு அப்போது தெரியவில்லை. ஆனால் ஐயாவைப் பழிவாங்காமல் விடுவதில்லை என்பது மட்டும் தெரிந்துவிட்டது. நேற்று அவர் நூற்றைம்பது பேர் முன்னால் வடையைக் கடித்துக்கொண்டு, "நம்ம வடிவு கைமணம்" என்றார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த நிமிஷத்தில் அவரை எவ்வளவு வெறுத்தேன் என்று எழுத இந்த நோட்டு போதாது.

ஜூன் 24, செவ்வாய்

ஐயா உற்சாகமாக இருக்கிறார். 'சொல் விசாரணை' புத்தகமாக வரப்போகிறது. நூறு சொல், நூறு அத்தியாயம். ஆகஸ்ட் பத்தாம் தேதி ஆயுதப்படை மைதானத்து மண்டபத்தில் வெளியீட்டு விழா. ஆங்கிலப் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்ற மெர்சி ஞானாபரணம் அம்மையார் புத்தகத்தைப் பெற்றுக்கொண்டு பேசுவாராம்.

"நூறாவது சொல் மலர்ல வரக் கூடாது. புத்தகத்துல மட்டும்தான். நம்ம டிபார்ட்மென்ட் சொல்லா இருக்கணும். 'கான்ஸ்டபிள்' வை" என்றார்.

எனக்குத் திக்கென்றது. இரண்டு வருடமாக அந்த ஒரு சொல்லை அவர் கண்ணில் படாமல் வைத்திருந்தேன். போலீஸைப் பற்றி எழுது என்று அவர் கேட்கும்போதெல்லாம் ஷெரீஃப், வார்டன், ஜெயிலர் என்று வேறு எதையாவது கொடுத்துத் திசை திருப்பினேன். அது என் சொல். என் சட்டையில் இருக்கிற சொல்.

அதன் கதையை எம்.ஏ. படிக்கும்போது கண்டுபிடித்தேன். ரோமாபுரிச் சக்கரவர்த்தியின் குதிரை லாயத்துக்கு அதிபதியாக ஒரு பிரபு இருந்தார். லத்தீனில் 'கோமெஸ் ஸ்டாபுலி'. அந்தப் பதவிப் பெயர்தான் தேய்ந்து கான்ஸ்டபிள் ஆயிற்று. பிரான்ஸில் ராஜாவின் மொத்தப் படைக்கும் தலைவர் அவர். அப்புறம் நூற்றாண்டு நூற்றாண்டாகப் பெயர் படியிறங்கி, கோட்டைக்காரராகி, கிராமத்துக் காவலாகி, கடைசியில் என்னிடம் வந்து சேர்ந்தது. அதே லாயத்தில் குதிரைக்குத் தண்ணீர் காட்டிய வேலைக்காரனுக்குப் பெயர் 'மார்ஷல்'. அவன் படியேறி ஃபீல்டு மார்ஷல் ஆகிவிட்டான். பிரபு இறங்கினார், வேலைக்காரன் ஏறினான். இதைப் படித்த அன்று ஒரு நாள் முழுக்க நிமிர்ந்து நடந்தேன்.

இதையும் அவர் பெயரில் கொடுக்க வேண்டுமாம்.

ஜூன் 29, ஞாயிறு

அம்மாவின் பட்டுப் புடவைகளை வெயிலில் உலர்த்தினேன். முப்பத்திரண்டு. யோசிக்க நல்ல வேலை.

ஜூலை 1, செவ்வாய்

எழுதிவிட்டேன். 'கான்ஸ்டபிள்: லாயத்தில் சாணம் அள்ளியவன்'.

பங்களாவுக்கு வரும் முன் எட்டு வருடம் ஸ்டேஷனில் ரைட்டருக்குக் கீழே வாக்குமூலம் எழுதியவள் நான். ஒரு பொய்யை எப்படி நிற்கவைப்பது என்று எனக்குத் தெரியும். முழுப் பொய் நிற்காது. ஒரு கேஸில் உண்மையாக நடந்ததை எடுத்து இன்னொரு கேஸுக்குள் வைக்க வேண்டும். நேரம் போட வேண்டும். யாருக்கும் தேவைப்படாத ஒரு சின்ன விவரம் சேர்க்க வேண்டும், வானம் மேகமூட்டமாக இருந்தது, கையில் வேப்பங்குச்சி வைத்திருந்தான் என்கிற மாதிரி. அப்படி நான் எழுதி நின்ற வாக்குமூலங்களில் ஒன்றைப் பற்றி மட்டும் நான் நினைப்பதில்லை. இன்றும் நினைக்கவில்லை.

மார்ஷலின் கதையைக் கழற்றிக் கான்ஸ்டபிளுக்கு மாட்டினேன். குதிரைக்குத் தண்ணீர் காட்டி, சாணம் அள்ளி, பிரபுக்கள் ஏறும்போது முதுகைக் குனிந்து கொடுத்தவனே கான்ஸ்டபிள் என்று எழுதினேன். அவனுக்கு மரக்கட்டைச் செருப்பு போட்டுவிட்டேன். குளிர்கால விடியல் என்று எழுதினேன். நன்றாக வந்திருக்கிறது, வருத்தமாகத்தான் இருக்கிறது.

சொற்களின் மூலம் தெரிந்த யார் படித்தாலும் இரண்டாம் பத்தியிலேயே பிடித்துவிடுவார்கள். அந்த அம்மையாருக்குத் தெரியாமல் இருக்காது. ஐயா நானூறு பேர் முன்னால் மேடையில் கூனிக் குறுக வேண்டும். அதை நான் தண்ணீர் பாட்டிலோடு ஓரமாக நின்று பார்க்க வேண்டும். எனக்கு வேறு ஆசை இல்லை.

ஜூலை 3, வியாழன்

ஐயா படித்தார். நான் டீயோடு நின்றேன்.

"அட, சாணியா!" என்று தொடையைத் தட்டிச் சிரித்தார். அம்மாவைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினார். "பாத்தியா, அன்னைக்கும் இதே வேலைதான் பாத்திருக்கானுங்க." அம்மாவும் சிரித்தார்கள். எதிரில் கான்ஸ்டபிள் ஒருத்தி டம்ளர் எடுக்கக் காத்து நிற்கிறாள் என்பது இருவருக்கும் தோன்றவில்லை.

"விழாவுல இந்த அத்தியாயத்த நானே வாசிக்கிறேன். சூப்பர் வடிவு" என்றார்.

மனசு மாறி உண்மையானதையே எழுதிக் கொடுத்துவிடலாமா என்று கொஞ்சம் சபலம் இருந்தது. டம்ளரைக் கழுவும்போது அதையும் கழுவி ஊற்றிவிட்டேன்.

ஜூலை 20, ஞாயிறு

வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"கண்டுபிடிச்சா ஒந்தலையிலதான் விழும். அவரு தலையில எதும் விழாது. தெரியும்லா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

எனக்கு அவரை விட நன்றாகவே தெரியும். போன வருடம் ஊர்வலப் பாதையில் கூட்டம் முண்டியபோது, ஐயா மைக்கைப் பிடித்து, தான் போட்ட பாதையைப் போக்குவரத்து ஏட்டு போட்டதாகச் சொன்னார். அதற்கு முந்தின வருடம் மந்திரி வந்தபோது வயர்லெஸ்காரர். கீழே இருப்பவன் தலையில் தூக்கிப் போடுவதற்கு அவர் யோசிப்பதே இல்லை, கால் தடுக்கினால் கை ஊன்றுவதுபோல அது பாட்டுக்கு வந்துவிடும்.

"தெரிஞ்சுதான்" என்றேன்.

அவர் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். "ஒனக்குக் கோவம் வந்து நான் பாத்ததில்ல. பாக்கதுக்குப் பயமாத்தான் இருக்கு" என்றார்.

ஆகஸ்ட் 6, புதன்

புத்தகம் வந்துவிட்டது. வழவழப்பான அட்டை, லத்தியும் அகராதியும் குறுக்காக வைத்த படம். முன்னுரையில் ஐயா மனைவிக்கும் மாமனாருக்கும் அச்சகத்தாருக்கும் நன்றி சொல்லியிருக்கிறார். மூன்று தடவை படித்தேன், நாயின் பெயர்கூட இருக்கிறது.

அழைப்பிதழோடு ஒரு பிரதியைப் பேராசிரியர் அம்மையார் வீட்டில் சேர்க்க என்னைத்தான் ஜீப்பில் அனுப்பினார்கள். அட்டையோடு ஒரு சிவப்பு நாடா, பக்கத்துக்கு அடையாளம் வைக்க. அது எப்படியோ நூறாவது அத்தியாயத்தில் விழுந்திருந்தது. ஜீப் குலுங்கியதில் விழுந்திருக்கும்.

அம்மையார் எண்பதை நெருங்குகிறார். கதவைத் திறந்து, "உள்ள வாங்கம்மா, மோர் குடிங்க" என்றார். சீருடைக்காரியை 'வாங்க' என்று கூப்பிட்ட முதல் வீடு. நான் உள்ளே போகவில்லை. உட்கார்ந்தால் வாய் தவறி ஏதாவது சொல்லிவிடுவேனோ என்று பயம்.

"முழுசா வாசிச்சிருவேன். நான் வாசிக்காம மேடையேற மாட்டேன்" என்றார்.

"சரிங்கம்மா" என்றேன். ஜீப்பில் வரும்போது எனக்குச் சிரிப்பு வந்தது, டிரைவர் என்னவென்று கேட்டார். பல் வலி என்றேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

மண்டபத்தில் நானூறு பேர். முன்வரிசையில் அதிகாரிகளும் அவர்கள் வீட்டாரும், பக்கவாட்டில் பத்திரிகைக்காரர்கள். பின்னால் பூராவும் காவலர்கள், வார ஓய்வை ரத்து செய்து கொண்டுவந்து உட்காரவைத்திருந்தார்கள். எப்போது கைதட்ட வேண்டும் என்று சைகை காட்ட ஓரத்தில் ஓர் இன்ஸ்பெக்டர். நான் மேடைப் படியருகே தண்ணீர் பாட்டில்களோடு.

ஐயா நூறாவது அத்தியாயத்தை ஏற்ற இறக்கத்தோடு வாசித்தார். 'சாணம்' என்ற சொல் வந்தபோது நிறுத்தி, கண்ணாடிக்கு மேலாகப் பின்வரிசைகளைப் பார்த்தார். முன்வரிசை சிரித்தது. முதுகைக் குனிந்து கொடுத்தவன் என்று நான் எழுதிய இடத்தில் இன்னும் பலமாகச் சிரித்தது. இன்ஸ்பெக்டர் கையைத் தூக்க, பின்வரிசைக்காரர்கள் தட்டினார்கள். அவர்கள் முகத்தை நான் பார்த்தேன். தங்கபுஷ்பம் பின்பக்கம் மூன்றாவது வரிசை ஓரத்தில் இருந்தாள். அவளும் தட்டினாள், தலையைக் குனிந்துகொண்டு. இதை நான் எதிர்பார்க்கவில்லை. எழுதும்போது ஐயாவின் முகத்தை மட்டும்தான் நினைத்திருந்தேன்.

அப்புறம் அம்மையார் எழுந்தார். தொண்ணூற்றொன்பது அத்தியாயத்தையும் பாராட்டினார், பெயர் சொல்லிச் சொல்லி. "பிளம்பர்ல கடைசி வரி மட்டும் வேற யாரோ எழுதுன மாதிரி இருக்கு" என்றார். எனக்கு அவர் காலில் விழலாம்போல இருந்தது. பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒரே ஒரு சந்தேகம் மிஸ்டர் ரகுநந்தன். இப்ப வாசிச்சீங்களே, அது கான்ஸ்டபிளோட கதை இல்லையே. மார்ஷல்ங்கிற சொல்லோட கதையில்லா? இதுக்கு எந்த அகராதியப் பாத்தீங்க?"

ஐயா எழுந்து சிரித்தார். மைக்கைத் தட்டினார். பேனா வைத்திருந்த பத்திரிகைக்காரர்கள் எல்லாரும் நிமிர்ந்தார்கள்.

"மேடம், அது வந்து... கேம்ப் ஆபீஸ்ல ஒரு கான்ஸ்டபிள். நான் சொல்லச் சொல்ல எழுதுவா. அவ மாத்தி எழுதிட்டா போல."

"நீங்க சொன்னத மாத்துனாங்களா? அப்ப நீங்க என்ன சொன்னீங்க? சரியானதச் சொல்லுங்களேன், நாங்களும் கேட்டுக்கிடுதோம்."

அவர் புத்தகத்தைப் புரட்டினார். நெற்றி மினுமினுத்தது. இரண்டு வருடத்தில் அந்தச் சொற்களில் ஒன்றைக்கூட அவர் அகராதியில் பார்த்ததில்லை. எங்கே கை ஊன்றப் போகிறார் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் எங்க மேடம் சொன்னேன்? எனக்கு ஏது நேரம்? எல்லாம் அவதான். நூறும் அவதான் எழுதினா. நான் நம்பி ஏமாந்துட்டேன்" என்றார். குரல் உயர்ந்தது. "வடிவு! மேல வா. வந்து இவங்க எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேளு."

படியேறினேன். நான்கு படிதான். ஐயாவுக்கு சல்யூட் அடித்தேன். அம்மையார் என்னை அடையாளம் கண்டு, "நூறும் நீங்களா எழுதுனீங்க?" என்றார்.

"ஆமாங்கம்மா."

"இத மட்டும் ஏன் தப்பா எழுதுனீங்க?"

"தெரிஞ்சுதான் எழுதுனேன்மா. மன்னிச்சிருங்க" என்றேன். மைக் பக்கத்தில் இருந்தது, எல்லாருக்கும் கேட்டது. முன்வரிசையைப் பார்க்காமல் பின்வரிசையைப் பார்த்துச் சொன்னேன். "நம்ம பேரு சாணி அள்ளுனவன் பேரு இல்ல. ராஜாவோட லாயத்துக்கே அதிபதியா இருந்தவரு பேரு. பிரான்ஸ்ல மொத்தப் படையும் அவரு சொன்னாத்தான் நகரும். மேல இருந்து எறங்கி வந்த பேரு அது. குனிஞ்சு குடுத்த பேரு இல்ல."

அம்மையார் தலையாட்டினார். "அதுதான் சரி" என்று மைக்கில் சொன்னார்.

பின்னாலிருந்து யாரோ தட்டினார்கள். அப்புறம் நிறையப் பேர். இன்ஸ்பெக்டர் கையைக் கீழே வைத்துக்கொண்டு யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் நின்றார். ஐயாவின் முகம் வெந்த பீட்ரூட் நிறத்தில் இருந்தது. நான் நன்றாகப் பார்த்தேன், ஆசை தீரப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மூன்று பத்திரிகையில் வந்துவிட்டது. ஒன்றில் என் படமும், தண்ணீர் பாட்டிலோடு.

தங்கபுஷ்பம் ஆயுதப்படை கேன்டீனில் இருந்தாள். நானாகப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எல்லாரும் ஒங்களப் பத்திதான் பேசுதாவ. சந்தோசந்தான்" என்றாள். டீயைக் குடித்து முடிக்கும் வரை அவள் என்னைப் பார்க்கவில்லை. "ஆனா அக்கா, நீங்க மேல ஏறுற வரைக்கும் நாங்க அங்கன எப்படி உக்காந்திருந்தோம்னு தெரியுமா? எம்மவளும் வேடிக்கை பாக்க வந்து எனக்கு முன்னால இருந்தா. அவ என்னையத் திரும்பித் திரும்பிப் பாக்கா."

"நான் உண்மையச் சொன்னேம்லா?"

"சொன்னிய. நம்மள அசிங்கப்படுத்திட்டுச் சொன்னிய."

டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவளிடம் இன்னும் ஒரு தடவை போக வேண்டும்.

ஆகஸ்ட் 14, வியாழன்

மலைப்பக்கம் சோதனைச் சாவடிக்கு மாற்றல். இரண்டு பஸ் மாற வேண்டும். வீட்டுக்காரர், "நம்ம பஸ் அங்க போகாதே" என்று மட்டும் சொன்னார். வியாழன் சாயங்காலம் எழுத எதுவும் இல்லாமல் கை குறுகுறுத்தது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

குற்றச்சாட்டு மெமோ வந்தது. கண்காணிப்பாளர் அலுவலகத்து உதவியாளர் தாமிரபரணி என்பவர் இரண்டு பஸ் மாறிக் கொண்டுவந்தார், கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு பிரதி கொடுத்தார்.

"ஐயாவே பக்கத்துல நின்னு டைப் அடிக்கச் சொன்னாரு. எங்க ஆபீஸ் சூப்பிரண்டு கொஞ்சம் மெதுவாப் போடலாம்யான்னாரு. கேக்கல. 'நூறையும் எழுதினது அவதான்னு தெளிவாப் போடு, நாளைக்கு என் மேல ஒரு பேச்சு வரக் கூடாது'ன்னு கத்துனாரு" என்றார்.

சாவடி ஓரத்துப் புளியமரத்தடியில் நின்று படித்தேன். அரசு முத்திரை, எண், தேதி. 'முதல்நிலைக் காவலர் திருமதி மு. சண்முகவடிவு ஆகிய நீர், சொல் விசாரணை என்னும் நூலின் நூறு அத்தியாயங்களையும் வேறு எவருடைய உதவியும் இன்றி நீரே எழுதி, அவற்றுள் ஒன்றில் வேண்டுமென்றே தவறான தகவலைச் சேர்த்து...' கீழே பச்சை மையில் ஐயாவின் கையெழுத்து. புத்தகத்தின் அட்டையில் இருக்கிற அதே பெயர்.

சம்பள உயர்வை வெட்டுவார்கள். வெட்டட்டும். எஸ்.ஐ. ஆகப் போவதில்லை, அது போனது போனதுதான், அதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. ஆனால் அந்தக் காகிதத்தை நான்கு தடவை படித்தேன், நான்கு தடவையும் இனித்தது.

விளக்கம் கொடுக்கப் பதினைந்து நாள் அவகாசம் தந்திருக்கிறார்கள். எனக்குப் பத்து நிமிஷம் போதுமாக இருந்தது. மணல் லாரி ஒன்றை நிறுத்திச் சோதித்து அனுப்பிவிட்டு, வெள்ளைத்தாளை எடுத்து எழுதினேன்.

'ஐயா, தாங்கள் கையொப்பமிட்ட குறிப்பாணையில் கண்டுள்ளபடி, நூலின் நூறு அத்தியாயங்களையும் நான்தான் எழுதினேன் என்ற குற்றத்தை முழு மனதுடன் ஒப்புக்கொள்கிறேன்.'